உறைந்த ஏரியின் மேல் 63 டன்

கனடாவின் வடக்கே, யெல்லோநைஃபிலிருந்து கிழக்கே போகும் நெடுஞ்சாலை டிபிட் ஏரியோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் வைரச் சுரங்கங்களுக்கு டீசலும் சிமென்டும் லாரியில் போவது, ஏரிகள் உறைந்துகிடக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மட்டும். வழியில் பெரும்பகுதி ஏரி. இடையிடையே வரும் தரைத்துண்டுகளைப் போர்ட்டேஜ் என்போம்.

புதிதாக வரும் ஓட்டுநர்கள் எல்லாரும் பனிக்கட்டியின் தடிமனைத்தான் கேட்கிறார்கள். அதை ரேடார் கருவியால் அளந்து, எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். தடிமன் இருமடங்கானால் தாங்கும் எடை நான்கு மடங்காகும் என்பது கனடாவின் பனிக்கட்டி ஆய்வாளர் லோர்ன் கோல்ட் 1971இல் எழுதிய கணக்கு. இரட்டை டிரெய்லர் வண்டி முழுப் பாரத்தோடு 63,500 கிலோ. தடிமன் போதாத நாளில் பாதிப் பாரத்தோடு அனுப்பினால் முணுமுணுக்காமல் போங்கள்.

உங்கள் கையில் இருப்பது வேகம். வண்டி ஏறியதும் பனிக்கட்டி கயிற்றுக்கட்டில்போல் சற்றே தொய்கிறது. அந்தத் தொய்வு அடியிலுள்ள தண்ணீரைத் தள்ள, ஓர் அலை உங்களோடு கூடவே வருகிறது. அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது: ஐந்து மீட்டர் ஆழத்தில் மணிக்கு ஏறக்குறைய 25 கி.மீ., இரண்டு மீட்டரில் 16 கி.மீ. வண்டியும் அலையும் ஒரே வேகத்தில் ஓடினால் தொய்வு பெருகிப் பனிக்கட்டி உடையும். கரையில் மோதித் திரும்பும் அலையும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் பாரவண்டிக்கு 25 கி.மீ. உச்சவரம்பு, போர்ட்டேஜில் ஏறும்போதும் இறங்கும்போதும் 10. கரை தெரிந்ததும் மேட்டில் ஏற வேகமெடுக்கத் தோன்றும். கூடாது. மேடு வழுக்கினால் டயரில் சங்கிலி மாட்டிக்கொள்ளலாம்.

முன்வண்டிக்கு அரை கிலோமீட்டர் இடைவெளி விடுங்கள். ஏரியின் மேல் நிறுத்தாதீர்கள். நின்ற பாரத்தின் கீழ் தொய்வு கூடிக்கொண்டே போகும். பனிக்கட்டி துப்பாக்கிபோல் வெடித்துச் சத்தமிடும், முதல் இரவு குலை நடுங்கும். உலர்ந்த விரிசல் அன்றாடம் வருவது. விரிசலில் தண்ணீர் ஊறினால் உடனே ரேடியோவில் இடத்தைச் சொல்லுங்கள், பின்னால் வருபவர்கள் நிற்கட்டும்.

இனி வண்டி. மைனஸ் 40இல் சாதாரண டீசல் கூழாகிவிடும். கடுங்குளிருக்கென்றே வரும் ஆர்க்டிக் டீசல் தவிர வேறெதையும் நிரப்பாதீர்கள். முகாமில் தூங்கும்போதும் எஞ்சின் ஓடட்டும். பிரேக்கின் காற்றுத் தொட்டியில் சேரும் தண்ணீரைத் தினமும் வடித்துவிடுங்கள். ஒரு துளி உறைந்தாலும் குழாய் அடைபடும். சூடான பிரேக்கைப் பூட்டி நிறுத்தினால் காலையில் அது சக்கரத்தின் டிரம்மோடு ஒட்டிக்கிடக்கும். ஆறவிட்டுப் பூட்டுங்கள், அப்படியும் ஒட்டினால் சுத்தியலால் டிரம்மைத் தட்டினால் விடும். சுத்தியலை வண்டிக்குள் வையுங்கள். வெளிப்பெட்டியில் வைப்பவர்கள், முதலில் உறைந்த பெட்டிப் பூட்டோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

டிபிட் ஏரியிலிருந்து எக்காட்டி வைரச் சுரங்கம் ஏறக்குறைய 400 கி.மீ. இந்த வேகத்தில் 16 மணி நேரம். ஒரே வெண்மையைப் பார்த்துக்கொண்டிருந்தால் எவருக்கும் கண் சொக்கும். வழியிலுள்ள லாக்ஹார்ட் ஏரி முகாமில் இறங்கிச் சூடாகச் சாப்பிட்டுத் தூங்குங்கள். உங்களை முந்திப் போகிறவரைப் பார்த்து ரோஷம் வேண்டாம். பாதைக் காவலர்கள் வேகத்தை அளந்துகொண்டிருக்கிறார்கள், மீறுபவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.