ஒரே காரை ஆயுள்வரை ஓட்ட நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் கார் வாங்குபவர்களில் பெரும்பாலானோர் அதை மூன்று நான்கு ஆண்டுகளில் மாற்றும் எண்ணத்துடன் வாங்குவதில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதிக்கு, தனியார் கார்களைப் பொறுத்தவரை, 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. திறந்த பின்னரும் வரிகளோடு சேர்ந்த விலை பல குடும்பங்களுக்கு எட்டாத உயரத்திலேயே நிற்கிறது. ஆகவே, கையில் இருப்பதுதான் கடைசிக் கார் என்று மனதுக்குள் முடிவெடுத்தவர்கள் இன்று பலர். அந்த முடிவில் தவறில்லை. ஒழுங்காகப் பராமரித்தால் முப்பது ஆண்டுகள் ஓடக்கூடிய கார்கள் நம்மிடம் இருக்கின்றன. ஆனால் அவற்றுள் பல அரைவாசி வயதிலேயே கராஜ் வேலியோரம் ஒதுங்கி நிற்கின்றன. பழைய காருக்குப் பொருந்திய பழக்கங்களைப் புதிய காரிலும், புதிய கார் தாங்கிக்கொள்ளும் அலட்சியத்தைப் பழைய காரிலும் நாம் காட்டுவதே அதற்குப் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

முதல் தவறு நம்பிக்கையில் தொடங்குகிறது. “அந்தக் காலத்துக் கார் இரும்பு, இப்போது வருவதெல்லாம் தகரம்” என்ற பேச்சைக் கேட்காதவர் இங்கே இருக்கமாட்டார். 1948 முதல் 1971 வரை பதினாறு இலட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்ட மொறிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். அதன் முன்சக்கரத் தாங்கிகளுக்கு ஏறத்தாழ ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்கவேண்டும். தவறினால் தாங்கியின் திருகுப் பகுதி தேய்ந்து ஒருநாள் சக்கரமே மடிந்துவிடும். மூவாயிரம் மைலுக்கு ஒருமுறை ஒயில், வால்வுகளின் டப்பெற் இடைவெளியை அடிக்கடி சரிசெய்தல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இயந்திரத்தின் தலைப்பகுதியைக் கழற்றிக் கரி நீக்கி வால்வு அரைத்தல் என்று அதன் வேலைகள் தொடர்ந்துகொண்டே இருந்தன. அக்கால மீற்றர்களில் ஐந்து இலக்கங்கள் மட்டுமே இருந்தன. இலட்சம் மைல் தாண்டுவது அன்று வழமையான எதிர்பார்ப்பாக இருக்கவில்லை. இன்று வீதியில் நாம் காணும் மொறிஸும் ஒஸ்ரினும், அன்று ஓடியவற்றுள் யாரோ ஒருவர் விடாமல் கவனித்ததால் மிஞ்சியவை. கவனிக்கப்படாதவை உருகி எப்போதோ வேறு பொருள்களாகிவிட்டன.

அந்தக் கார்களின் உண்மையான பலம், அவற்றைக் கழற்றிப் பூட்ட முடிந்ததில் இருந்தது. மட்காட் ஆணிகளால் பூட்டப்பட்டிருந்தது. தேய்ந்த பாகத்தை ஊர்ப் பட்டறையில் கடைந்து எடுக்க முடிந்தது. குறைந்த அமுக்கத்தில் இயங்கிய இயந்திரம் தரம் குறைந்த எரிபொருளையும் ஏற்றுக்கொண்டது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் சில துளி பெற்றோலில் கிளப்பப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடியதைப் பலரும் அறிவர். இவை எல்லாம் மதிக்கத்தக்கவை. ஆனால் பழைய கார் கவனிப்பே வேண்டாத கார் என்று எண்ணுவது, இன்று அதை வைத்திருப்பவருக்கே ஆபத்து. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் கைவிடப்பட்டது. வால்வு அமரும் இடத்தைத் தேயாமல் காத்தது அந்த ஈயமே. தலைப்பகுதியைக் கழற்றும்போது கடினமான வால்வு இருக்கைகளைப் போடாத பழைய காரில் டப்பெற் இடைவெளி படிப்படியாகக் குறைந்து, இறுதியில் வால்வு எரிந்துபோகும். எனவே இடைவெளியை அளந்து பார்ப்பதை அங்கே விடக்கூடாது.

புதிய கார்களோ வேறு விதத்தில் உறுதியானவை. உடலை மின்முறையில் பிறைமர் என்னும் அடிப்பூச்சில் தோய்த்தெடுப்பதும், துத்தநாகம் பூசிய தகடுகளும், நுணுக்கமாகக் கடையப்பட்ட சிலிண்டர்களும், சிறந்த ஒயில்களும் சேர்ந்து, மூன்று இலட்சம் கிலோமீற்றர் ஓடிய இயந்திரத்தைச் சாதாரணமாக்கிவிட்டன. இப்போது முதலில் தளர்பவை இறப்பர், பிளாஸ்ரிக், வயர், கியர்பெட்டி, மின்னணுப் பெட்டிகள் ஆகியவை. கார் மாதக்கணக்கில் எந்தக் குறையும் காட்டாமல் ஓடுவதால், பார்க்கவேண்டியவற்றையும் நாம் பார்க்காமல் விடுகிறோம்.

இனி நம்மூருக்கே உரிய தவறுக்கு வருகிறேன், ஏனெனில் திருகோணமலையில் காரைக் கொல்வது பெரும்பாலும் கறள்தான். நகரத்தின் ஒருபுறம் திறந்த கடல், மறுபுறம் உட்துறைமுகம். வாடைக் காற்று வீசும் மாதங்களில் உப்பீரம் வீட்டுக் கதவின் பிணைச்சல்களையே தின்கிறது; உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடலோரம் நிற்கும் கார் தப்புமா? கச்சான் வீசும் வெயில் மாதங்களில் ஆபத்து இல்லை என்று நினைப்பது இன்னொரு பிழை. தகட்டில் படிந்த உப்பு இரவு ஈரத்தைக் காற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும். மழையே பெய்யாவிட்டாலும் அந்த இடம் நனைந்தபடியே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மேற்புறத்தைப் பளபளப்பாக்கி, அடிப்புறத்தில் ஒரு வாளித் தண்ணீர்கூடப் படவிடாமல் விடுபவர் பாதி வேலையைத்தான் செய்கிறார். முக்கியமான பாதி கீழே கிடக்கிறது. கடற்கரை மணலில் ஓட்டியிருந்தால் அன்றே நல்ல தண்ணீரால் அடிப்புறத்தைக் கழுவவேண்டும்.

கதவைத் திறந்து, அதன் கீழ் விளிம்பைக் குனிந்து பாருங்கள். அங்கே சிறிய துளைகள் இருக்கும். கண்ணாடி வழியே உள்ளே இறங்கும் மழைநீர் வெளியேறுவதற்காக வைக்கப்பட்டவை அவை. மணலும் வேப்பஞ் சருகும் அவற்றை அடைத்துவிட்டால் கதவின் வயிற்றுக்குள் தண்ணீர் தேங்கி, உள்ளிருந்து வெளியே கறள் வரும். விளிம்பில் மைப்பூச்சு சிறு கொப்புளமாக எழும்போது அதை நகத்தால் அழுத்தினால் உள்ளே பொறுபொறுவென்று உடையும். அந்த நிலையில் தகடு ஏற்கெனவே போய்விட்டது. ஈர்க்கால் துளையைக் குத்திச் சுத்தம் செய்ய இரண்டு நிமிடம் போதும். கதவுகளின் கீழே ஓடும் நீள்பெட்டிச் சட்டத்துக்கும், வைப்பரின் கீழுள்ள சருகு சேரும் குழிக்கும் இதே கவனம் வேண்டும்.

நல்ல எண்ணத்தில் செய்யப்படும் சில வேலைகள் கறளை வளர்க்கின்றன. ஏற்கெனவே கறள் பிடித்த, முழுதும் உலராத அடிப்புறத்தின் மேல் கறுப்புப் பூச்சை அடித்தால் ஈரமும் உப்பும் உள்ளே பூட்டப்படும். மேலே பார்க்கப் புதிதாக இருக்கும், கீழே தகடு கரைந்துகொண்டிருக்கும். சுரண்டி, கழுவி, வெயிலில் நன்றாக உலரவிட்டு, கறள் தடுப்புப் பூச்சு கொடுத்த பிறகே அதை அடிக்கவேண்டும். கழிவு ஒயிலை அடிப்புறத்தில் பூசும் வழக்கம் புஷ் இறப்பர்களை ஊதவைத்துக் கெடுப்பதோடு மண்ணையும் நஞ்சாக்குகிறது. காற்றுப் புகாத பிளாஸ்ரிக் உறையால் காரை மூடிக் கடலோரத்தில் விடுவதைவிட, காற்றோட்டமுள்ள கொட்டகையில் திறந்தபடி விடுவது எவ்வளவோ மேல்.

தண்ணீர் பற்றிய இன்னொரு தவறு ரேடியேற்றருக்குள் நடக்கிறது. நம் கிணற்று நீரில் உப்பும் சுண்ணமும் உண்டு. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு அதே நீரால் இயந்திரத்தின் நீர்வழிகளிலும் படியும். அலுமினியத் தலைப்பகுதியை அந்த நீர் அரிக்கவும் செய்யும். கூலன்ற் என்பது கொதிநிலையை உயர்த்துவதோடு அரிப்பையும் தடுக்கும் திரவம். தயாரிப்பாளர் சொன்ன வகையை, சொன்ன காலத்தில் மாற்றவேண்டும். கலக்க நீர் தேவையென்றால் காய்ச்சி வடித்த நீரையே கலக்கவேண்டும். “இது சூடான நாடு, இங்கே இது எதற்கு?” என்று, கூலன்றின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்ராற்றைக் கழற்றி எறியும் வழக்கத்தை எப்படியாவது நிறுத்தவேண்டும். அது இல்லாவிட்டால் இயந்திரம் தன் சரியான வெப்பநிலைக்கு வர நெடுநேரமாகும். அதுவரை கணினி கூடுதல் பெற்றோலை ஊட்டும், ஒயில் கெடும், சிலிண்டர் தேயும்.

கியர்பெட்டி ஒயிலை ஆயுள்வரை மாற்றவேண்டியதில்லை என்ற பேச்சையும் நம்பக்கூடாது. அந்த ‘ஆயுள்’ பெரும்பாலும் முதல் உரிமையாளரின் காலம்; நீங்கள் எண்ணும் ஆயுள் அதைவிட நீளமானது. பட்டியால் இயங்கும் சிவிரி (CVT) வகைக் கியர்பெட்டிக்குள், அதற்குரிய ஒயிலுக்குப் பதிலாகக் கடையில் கிடைத்த சாதாரண ஒற்றோ கியர் ஒயிலை ஊற்றினால் உள்ளிருக்கும் பட்டி வழுக்கித் தேய்ந்துவிடும். பிறேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சக்கூடியது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

ஓட்டாமல் வைத்திருந்தால் கார் நீடிக்கும் என்ற எண்ணம் இங்கே மிகப் பரவலானது. பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ இருக்க, விடுமுறைக்கு வரும்போது ஓடட்டும் என்று நிறுத்திவைக்கப்பட்ட கார்கள் பல வீட்டு முற்றங்களில் உண்டு. 2022 இன் எரிபொருள் நெருக்கடியில் மாதக்கணக்கில் நின்ற கார்களும் அதே பாடத்தைத் தந்தன: பற்றரி இறந்தது, பிறேக் கறள் பிடித்து இறுகியது, எலி வயரைக் கடித்தது. வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே கிளப்பி அணைப்பது உதவாது. ஒயில் சூடாவதற்கு முன்பே அணைத்தால் சைலன்சருக்குள் நீர் தங்கும், பற்றரியும் எடுத்ததைத் திரும்பப் பெறாது. கன்னியா தாண்டி அரைமணி நேரம் ஓட்டிவருவதே முறை. டயரின் பூ தேயாமல் இருப்பதாலும் ஏமாறக்கூடாது. பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் சொல்லும். 1418 என்றால் 2018 இன் பதினான்காவது வாரம். பத்து ஆண்டு தாண்டிய டயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை நம்பிப் பயணம் போகக்கூடாது.

உலகில் மிகநெடுந்தூரம் ஓடிய தனியார் காரின் கதையும் இதையே காட்டுகிறது. அமெரிக்க ஆசிரியர் இர்வ் கோர்டன் 1966 இல் வாங்கிய வொல்வோ கார், 2013 இல் முப்பது இலட்சம் மைலைத் தாண்டியது. அவர் அதை வெறும் காட்சிப்பொருளாக நிறுத்திவைக்கவில்லை. தினமும் ஓட்டினார், கையேடு சொன்னபடி ஒயில் மாற்றினார், தேவைப்பட்டபோது இயந்திரத்தைத் திறந்து திருத்தினார்.

ஹைபிரிட் கார் வைத்திருப்போர் கவனிக்கத் தவறும் சிறு பொருள் ஒன்று உண்டு. பிறியஸ், அக்குவா போன்றவற்றில் பின்னிருக்கையின் பக்கத்தில் காற்று உள்ளே போகும் வலைத்துளை இருக்கும். உயர் அழுத்தப் பற்றரியைக் குளிர்விக்கும் விசிறி அதன் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. கடற்கரை மணல், துணி நூல், அருகில் வைத்த பள்ளிக்கூடப் பை என்பவை அதை அடைத்தால், நம் வெயிலில் பற்றரி வெந்து ஆயுள் குறையும். அந்தத் துளையையும் விசிறியையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது சுத்தம் செய்யவேண்டும். அந்தப் பற்றரியில் பழுதடைந்த ஓரிரு கூறுகளை மட்டும் பழைய கூறுகளால் மாற்றும் திருத்தம் மலிவானது. ஆனால் ஒத்த வலு இல்லாத கூறுகள் சேர்ந்து நெடுநாள் உழைப்பதில்லை.

திருத்தச் செலவைக் காரின் இன்றைய விற்பனை விலையோடு ஒப்பிடுவதும் பிழையான கணக்கு. நீங்கள் விற்கப்போவதில்லை. அந்தச் செலவு இன்னும் எத்தனை ஆண்டு ஓட்டத்தைத் தரும், அதே ஆண்டுகளுக்கு வேறொரு கார் என்ன செலவை வைக்கும் என்பதே கேள்வி. ஒரு கொப்பியில் திகதி, கிலோமீற்றர், மாற்றிய பாகம், ஒயிலின் வகை ஆகியவற்றை எழுதிவைத்தால் இந்தக் கணக்கு எளிதாகும். மெக்கானிக் மாறினாலும் வேலை முதலிலிருந்து தொடங்காது.

இந்த ஒப்பீட்டுக்குள் அடங்காத ஒன்று பாதுகாப்பு. கதவின் கீழ்ச் சட்டமும், அதிர்வுத்தாங்கிகள் பொருந்தும் இடங்களும், ஆசனப்பட்டி பூட்டப்பட்ட தகடும் கறளில் போயிருந்தால், மோதலில் அந்தக் கார் யாரையும் காக்காது. அவற்றின் மேல் புட்டி பூசி மை அடித்து ஓட்டுவது, இங்கே சொன்ன தவறுகள் எல்லாவற்றிலும் மோசமானது. நல்ல தகடு இன்னும் மிஞ்சியிருந்தால் கெட்ட பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகட்டை முறையாக உருக்கி ஒட்டவேண்டும். ஒட்டுவதற்கே தகடு இல்லையென்றால், இயந்திரம் எவ்வளவு இனிமையாக ஓடினாலும் அந்தக் காரை வீதியிலிருந்து எடுத்துவிடவேண்டும்.