ஊர்ப்பெயரை வைத்து ஆளை எடைபோடும்போது நேரும் தவறுகள்

"எந்த ஊர்?" என்று கேட்பதில் தப்பில்லை. பதில் வந்ததுமே ஆளைப் பற்றி முடிவு கட்டிவிடுவதுதான் தப்பு.

இதை வெறும் கேலிப்பேச்சு என்று தள்ளிவிடுவது, நான் பார்த்தவரை, எல்லாவற்றிலும் பெரிய தவறு. 2019-ல் சீனாவில் ஒரு பெண் செயலி வழியாக ஒரே நிறுவனத்தில் இரண்டு வேலைகளுக்கு விண்ணப்பித்தார். இரண்டும் கிடைக்கவில்லை. காரணம் குறிக்கும் இடத்தில் இருந்தது 'ஹெனான்காரர்' என்பது மட்டுமே. ஹெனான் ஒன்பது கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் மாகாணம். அங்குள்ளவர்களை நம்பக்கூடாது என்ற பேச்சு சீனாவில் வெகுநாளாக உண்டு. அவர் வழக்குப் போட்டார். சட்டம் இனம், பாலினம், மதம் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தது. சொந்தப் பகுதியைக் குறிப்பிடவில்லை. இருந்தும், வேலைக்குச் சம்பந்தமில்லாத பிறப்பிடத்தை வைத்து ஒதுக்கியது பாகுபாடுதான் என்று ஹாங்சோ இணைய நீதிமன்றம் தீர்ப்பளித்து, 10,000 யுவான் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

ஜெர்மனியில் 2010-ல் இதே போன்ற வழக்கு வேறுவிதமாக முடிந்தது. கிழக்குப் பகுதியில் பிறந்த கணக்காளர் ஒருவரின் விண்ணப்பம் திரும்பி வந்தபோது, அதில் 'ஒஸ்ஸி' என்று கையால் எழுதி ஒரு கழித்தல் குறியும் போட்டிருந்தார்கள். கிழக்கு ஜெர்மானியரை இளக்காரமாகக் குறிக்கும் பெயர் அது. அவர்கள் தனி இனமல்ல என்று சொல்லி ஸ்டுட்கார்ட் தொழிலாளர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. சட்டத்தின் வரையறை எதுவாக இருந்தாலும், அந்தக் கழித்தல் குறி அவர் பிறந்த ஊருக்காகப் போடப்பட்டதுதானே?

பாராட்டாகச் சொன்னால் பாதகமில்லை என்று நினைப்பதும் தவறு. ஒரு பகுதிக்காரர்கள் எல்லாருமே வெள்ளந்தி என்று சொல்லிவிட்டால், பேரம் பேசும் பொறுப்பு அவர்களுக்கு வராது.

பேச்சு வழக்கை வைத்து அறிவை அளப்பது இன்னொன்று. பிரான்சில் 2020 நவம்பரில், உச்சரிப்பை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் மசோதாவைக் கீழவை நிறைவேற்றியது. அந்த அளவுக்கு விஷயம் முற்றியிருந்தது.

பெரிய நிலப்பரப்பை ஒரே ஊராக்கிவிடுவதும் உண்டு. இந்தியாவில் 'வடகிழக்கு' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். அதில் எட்டு மாநிலங்கள் இருக்கின்றன. மிசோரமிலிருந்து வந்தவரிடம் அசாமைப் பற்றிக் கேட்டால் அவர் என்ன சொல்வார்?

இதற்கெல்லாம் பயந்து, "ஊராவது ஒண்ணாவது, எல்லாரும் ஒண்ணுதான்" என்று வட்டார அடையாளத்தையே துடைத்துவிடவும் கூடாது. தன் மண்ணின் பேச்சையும் நினைவுகளையும் ஒருவர் பெருமையாகச் சொன்னால் காது கொடுத்துக் கேட்கலாம். அந்தப் பெருமை மற்றவரை அளக்கும் கோலாகும்போதுதான் சிக்கல். "எங்க ஊர்க்காரன் வாக்குத் தவறமாட்டான்" என்பதும் முத்திரைதான். அங்கேயே பிறந்து வளர்ந்தவரை, தாத்தா வேறு பகுதியிலிருந்து வந்தவர் என்பதற்காக இன்னும் 'வந்தேறி' என்று அழைப்பதும் அந்தப் பெருமையின் பேரில்தான் நடக்கிறது.