க்ரூஸ் கன்ட்ரோல் பிடித்து நிற்கவில்லையா? முதலில் வண்டிக்குப் பின்னால் ஒருவரை நிற்கச் சொல்லுங்கள்

நியூ ஜெர்சியில் நாங்கள் இருக்கும் எடிசனிலிருந்து பிட்ஸ்பர்க் வெங்கடேஸ்வரா கோயிலுக்கு ஏறக்குறைய 350 மைல். வருஷத்துக்கு ஒரு தடவையாவது குடும்பத்தோடு போய்விடுவோம். ஹாரிஸ்பர்க் தாண்டி பென்சில்வேனியா டர்ன்பைக் என்ற சுங்கச்சாலையில் ஏறிவிட்டால் மலை, சுரங்கம், மறுபடி மலை. அந்தச் சாலையில், செட் செய்த வேகத்தைத் தானே பிடித்துவைக்கும் க்ரூஸ் கன்ட்ரோல் இல்லாமல் ஓட்டினால் வலது கணுக்கால் இரண்டு நாளைக்கு வலிக்கும். போன தடவை அது எங்கள் மினிவேனில் பாதி வழியிலேயே கைவிட்டது. 2008 மாடல், அப்போது ஒரு லட்சத்து அறுபதாயிரம் மைல் ஓடியிருந்தது.

65 மைலில் செட் செய்தால் நான்கைந்து மைல் ஒழுங்காகப் போகும். பாலத்து இணைப்பில் ஒரு குலுக்கல் வந்தால் போதும், க்ரூஸ் தானாக விலகிவிடும். டஸ்கரோரா சுரங்கத்தைத் தாண்டியதும் இரண்டு மைலுக்கு ஒருமுறை பட்டனை அழுத்த வேண்டியிருந்தது. சைட்லிங் ஹில் ஓய்வு நிலையத்தில் நிறுத்தினோம். பின்னாலேயே தன் காரில் வந்த மைத்துனன் இறங்கி வந்து கேட்டான்: "அத்தான், ஏன் சும்மா சும்மா பிரேக் போட்டுக்கிட்டே வர்றீங்க? மூணு தடவை நான் பயந்தே போயிட்டேன்."

சுரங்கத்துக்கு அப்புறம் நான் பிரேக்கைத் தொடவே இல்லை.

நோய் என்னவென்று அந்த ஒரு கேள்வியே காட்டிக்கொடுத்துவிட்டது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் ஒரு பணிமனையில், இன்ஜினுக்குக் காற்றை அளந்துவிடும் த்ராட்டில் பாடியையே மாற்ற வேண்டும், 740 டாலர் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் வண்டியில் த்ராட்டிலிலும் சிக்கல் இருந்தது உண்மைதான். ஆனால் க்ரூஸ் விலகியதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இரண்டும் வேறு வேறு கோளாறு. பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்தால் அந்தப் பயணத்தை நிம்மதியாகப் போயிருப்போம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

க்ரூஸ் கன்ட்ரோலை யோசித்தவர் ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர். சிறுவயதிலேயே கண் பார்வை இழந்தவர். காரில் உட்கார்ந்து வரும்போது ஓட்டுபவரின் வேகம் ஏறி ஏறி இறங்குவதை உடம்பால் உணர்ந்து, அதற்காக ஒரு கருவி செய்து 1950-இல் காப்புரிமை பெற்றார். 1958-இல் கிரைஸ்லர் கார்களில் அது வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு விதி மாறவில்லை: பிரேக் தொடப்பட்டது என்று சின்ன சந்தேகம் வந்தாலும் க்ரூஸ் விலகிக்கொள்ளும். விலகத்தான் வேண்டும். ஆகவே, க்ரூஸ் வேலை செய்யவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இன்ஜின் இல்லை, பிரேக் பெடலின் மேல்முனை.

சோதிப்பது சுலபம். இருட்டிய பிறகு வண்டியை வீட்டு முன்னால் நிறுத்துங்கள். ஒருவர் பின்னால் தள்ளி நிற்கட்டும். பெடலை மெதுவாக, மிக மெதுவாக அழுத்துங்கள். பெடல் எவ்வளவு இறங்கியதும் பிரேக் விளக்கு எரிகிறது, விட்டதும் உடனே அணைகிறதா என்று அவர் சொல்லட்டும். மூன்று விளக்கும் எரிய வேண்டும், மேலே நடுவில் இருப்பதும் சேர்த்து. அடுத்து, காலை எடுத்துவிட்டு, கையால் பெடலைப் பக்கவாட்டில் லேசாக ஆட்டிப் பாருங்கள். விளக்கு மினுக்கினால் உங்கள் கோளாறு கிடைத்துவிட்டது.

இனி டார்ச்சை எடுத்துக்கொண்டு பெடலுக்குக் கீழே தலையை விட வேண்டும். பெடலின் தண்டு மேலே போகும் இடத்தில் இரண்டு மூன்று ஒயர் செருகிய ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். அதிலிருந்து ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் காலை எடுத்திருக்கும்போது பெடல் தண்டு அந்தக் குச்சியை உள்ளே அழுத்திப் பிடித்திருக்கும். பெடல் இறங்கினால் குச்சி வெளியே வரும், விளக்கு எரியும். பல வண்டிகளில், தண்டில் குச்சி படும் இடத்தில் ஒரு துளை இருக்கும். அந்தத் துளையில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பிளாஸ்டிக் அடைப்பு வைத்திருப்பார்கள். பத்துப் பதினைந்து வருஷத்தில் அது வறண்டு பொடிந்துவிடும். அடைப்பு போனால் குச்சி துளைக்குள் நுழைந்துவிடும். நீங்கள் பிரேக் போட்டிருக்கிறீர்கள் என்றே வண்டி நம்பும்.

எங்கள் வண்டியில் அடைப்பு பாதிதான் உடைந்திருந்தது. அதனால்தான் சமதளத்தில் சரியாக இருந்து, குலுக்கலில் மட்டும் விளக்கு மினுக்கியது. ஒரு மாதம் முன்பே என் மகள் ஓட்டுநர் பக்கத்து மிதியடியிலிருந்து நீல நிறத்தில் இரண்டு துண்டு பிளாஸ்டிக்கை எடுத்துக் கொடுத்திருந்தாள். பொம்மை உடைந்திருக்கிறது என்று நினைத்துக் குப்பையில் போட்டோம். உங்கள் மிதியடியில் அப்படி நீலமோ பச்சையோ கறுப்போ துணுக்குகள் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். அதுதான் சாட்சி.

புது அடைப்பு சில டாலர்தான். பழசின் மிச்சத்தைக் குறடால் பிடுங்கிவிட்டு, பெடலைக் கையால் கொஞ்சம் கீழே தள்ளிப் பிடித்துக்கொண்டு, புதியதைத் துளையில் வைத்து அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். சொல்வது சுலபம், தலைகீழாகப் படுத்துக்கொண்டு செய்வதற்கு எனக்கு அரை மணி நேரம் ஆனது. வழியில் மாட்டிக்கொண்டால் துளைக்குப் பொருந்தும் ஒரு போல்ட்டை, தலை ஸ்விட்ச் பக்கம் இருக்கும்படி செருகி நட் போட்டு இறுக்கலாம். நாங்கள் சைட்லிங் ஹில்லில் அப்படித்தான் சமாளித்தோம். கழன்று பெடலுக்கு அடியில் விழுந்துவிடாதபடி நன்றாக இறுக்குங்கள். காலை எடுத்ததும் விளக்கு அணைகிறதா, பெடல் முழுதாக மேலே வருகிறதா என்று பார்த்துவிட்டே கிளம்புங்கள். ஊர் திரும்பியதும் சரியான பாகத்தை வாங்கிப் போட்டுவிடுங்கள்.

இதைத் தள்ளிப் போடாதீர்கள் என்று கெஞ்சியே கேட்பேன். க்ரூஸ் போனது சின்ன விஷயம். உங்கள் பிரேக் விளக்கு பொய் சொல்கிறது என்பது பெரிய விஷயம். பின்னால் வருபவர் எதை நம்புவார்? இன்னொன்றும் உண்டு. சாவி போட்டிருக்கும்போது பிரேக்கை மிதிக்காமல் கியர் 'பி'-யிலிருந்து (பார்க்) நகரக் கூடாது என்று ஒரு பூட்டு இருக்கிறது. பல வண்டிகளில் அந்தப் பூட்டும் இதே ஸ்விட்சை நம்பியே இருக்கிறது. அடைப்பு உடைந்த வண்டியில் பின் சீட்டிலிருந்து எட்டிவரும் குழந்தையால்கூடக் கியரை நகர்த்திவிட முடியும்.

விளக்கு ஒழுங்காக எரிந்து அணைந்தாலும் ஸ்விட்சை உடனே நிரபராதி என்று விட்டுவிட வேண்டாம். உள்ளே பெரும்பாலும் இரண்டு மின்தொடர்புகள் இருக்கும். ஒன்று விளக்குக்கு, மற்றொன்று க்ரூஸுக்கு. ஒன்று நன்றாக இருந்து மற்றொன்று தேய்ந்திருக்கலாம். இங்கேதான், வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறு எண்ணைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனர் உதவும். 1996 முதல் அமெரிக்காவில் விற்ற எல்லாப் பெட்ரோல் கார்களிலும் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை உள்ள சாக்கெட் இருக்கிறது. முப்பது டாலருக்குள் கிடைக்கும் ஸ்கேனரே போதும். பி0571 என்று வந்தால் பிரேக் ஸ்விட்ச் சுற்று. பி0500 என்றால் வேகத்தை அளக்கும் சென்சார். வேகம் தெரியாமல் க்ரூஸ் எதைப் பிடித்துவைக்கும்? ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கும் சேர்ந்து எரிந்தால் சக்கரத்து வேக சென்சாரைப் பாருங்கள். செக் இன்ஜின் விளக்கு எரிந்தால், காரணம் எதுவாக இருந்தாலும் க்ரூஸைப் பூட்டிவிடும் வண்டிகள் நிறைய உண்டு. அங்கே முதலில் அந்த விளக்கின் காரணத்தைத் தீர்க்க வேண்டும்.

க்ரூஸ் பட்டன் மட்டுமல்ல, ஹாரனும் ஸ்டியரிங்கில் உள்ள ஆடியோ பட்டனும் சேர்ந்து செத்து, ஏர்பேக் விளக்கும் எரிகிறதா? ஸ்டியரிங்குக்குள் சுருண்டு கிடக்கும் பட்டை ஒயர் அறுந்திருக்கும். கடையில் கிளாக் ஸ்பிரிங் என்பார்கள். அதை மட்டும் வீட்டில் தொடாதீர்கள். ஏர்பேக்கைக் கழற்றாமல் அதை எட்ட முடியாது. ஏர்பேக் வெடித்தால் முகத்தில்தான் வெடிக்கும்.

2000-க்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் பல, க்ரூஸுக்காக இன்ஜினின் வெற்றிட இழுப்பைப் பயன்படுத்தி ஒரு கேபிளை இழுக்கும். சமதளத்தில் பிடித்து, மேட்டில் மட்டும் தளர்கிறது என்றால் ரப்பர் குழாயில் எங்கோ விரிசல் இருக்கும். காது வைத்துக் கேட்டால் 'ஸ்ஸ்' என்ற சத்தம் வரும்.

சரி, த்ராட்டிலுக்கு வருவோம். அதன் அறிகுறிகளே வேறு. எங்களுடையது சிக்னலில் நிற்கும்போது நடுங்கியது. ஆக்சிலரேட்டரை முதலில் தொட்டால் ஒன்றும் நடக்காது, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் திடீரென்று பாயும். என் மனைவி அந்த வண்டியைப் பார்க்கிங்கிலிருந்து எடுக்கவே தயங்க ஆரம்பித்தாள். இன்ஜினுக்குள் போகும் காற்றை அளந்துவிடும் ஒரு வட்டத் தகட்டின் விளிம்பில் எண்ணெய்ப் புகையும் கரியும் சேர்ந்து பிசின்போல் படிந்துவிடும். தகடு ஒட்டிக்கொள்ளும். அதற்கு மருந்து புது த்ராட்டில் பாடி இல்லை, சுத்தம்.

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், வண்டி திறந்த வெளியில் இருக்க வேண்டும், சாவி உங்கள் பையில் இருக்க வேண்டும். காற்றுக் குழாயின் கிளாம்பைத் தளர்த்திக் கழற்றினால் தகடு தெரியும். த்ராட்டில் பாடி கிளீனர் என்றே எழுதிய ஸ்பிரேயை வாங்குங்கள். கார்புரேட்டருக்கு உரிய கடுமையான திரவம் சில தகடுகளின் பூச்சை அரித்துவிடும். நேரே உள்ளே பீய்ச்சாமல் துணியில் நனைத்துத் துடையுங்கள். விளிம்புக்கு மென்மையான பல்துலக்கி போதும். இப்போதைய வண்டிகளில் தகட்டை ஒரு மோட்டார் திருப்புகிறது. ஸ்குரூடிரைவரால் நெம்பினால் உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரம் உடையும். சாவி ஆனில் இருக்கும்போது விரலை விட்டால் தகடு மூடி விரலைக் கடித்துவிடும். கையால் தகட்டைத் திறக்கவே கூடாது என்று உங்கள் வண்டியின் கையேடு சொன்னால் அதைக் கேளுங்கள்.

சுத்தம் செய்த பிறகு இன்ஜின் ஐடிலில், அதாவது பெடலைத் தொடாமல் சும்மா ஓடும்போதே, 1500 ஆர்பிஎம்மில் இரைந்தது. பயந்துவிட்டேன். பயப்பட ஒன்றுமில்லை. கரி படிந்த தகட்டுக்குப் பழகிய கம்ப்யூட்டர், கூடுதல் காற்றைத் தொடர்ந்து விட்டுக்கொண்டிருக்கிறது. அது புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். முறை வண்டிக்கு வண்டி மாறும். எங்களுடையதில் ஏசி, விளக்கு எல்லாவற்றையும் அணைத்து, பெடலைத் தொடாமல், ரேடியேட்டர் விசிறி சுற்றும்வரை ஓடவிட்டு, அதற்குப் பிறகும் பத்து நிமிடம் விட்டோம். 700-க்கு இறங்கிவிட்டது. இறங்காமல், ஐடில் வேகம் அதிகம் என்று சொல்லும் பி0507 வந்தால் காற்றுக் குழாய் சரியாக உட்காரவில்லையா, ஏதாவது சின்னக் குழாய் கழன்றுவிட்டதா என்று பாருங்கள்.

சுத்தம் செய்வதால் தீராத வகை ஒன்று உண்டு. திடீரென்று வேகம் செத்து வண்டி ஊர்ந்து போகும். டாஷ்போர்டில் சில வண்டிகளில் மின்னல் குறி, சிலவற்றில் ஸ்பேனர் குறி எரியும். பெடலிலும் தகட்டிலும் நிலையைச் சொல்ல இரண்டிரண்டு சென்சார்கள் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் பாதுகாப்புக்காக வண்டி தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்ளும். பி2135 என்றால் பெரும்பாலும் தகட்டுப் பக்கம், பி2138 என்றால் பெடல் பக்கம். பாகம் வாங்கும் முன் கனெக்டரைக் கழற்றிப் பச்சைத் துரு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியையும் அளந்துவிடுங்கள். நிறுத்திய வண்டியில் 12.6 வோல்ட்டுக்கு மிகவும் குறைந்திருந்தால் பேட்டரியே காரணமாக இருக்கலாம்.

இதற்கு நேர் எதிரானது, பெடல் மேலே வராமல் வண்டி ஓடிக்கொண்டே இருப்பது. பிரேக்கை ஒரே அழுத்தாக, முழு பலத்தோடு மிதியுங்கள். விட்டு விட்டு மிதித்தால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் தீர்ந்துபோய்ப் பெடல் கல்லாகிவிடும். கியரை 'என்'-க்கு (நியூட்ரல்) தள்ளுங்கள். இன்ஜின் அலறினால் அலறட்டும். ஓரத்தில் நின்ற பிறகு அணையுங்கள். 2009-இல் கலிபோர்னியாவில் நான்கு பேர் இறந்த விபத்தில் ஆக்சிலரேட்டர் பெடல், அந்தக் காருக்கு உரியதல்லாத ஒரு மிதியடியில் சிக்கியிருந்தது. ஒரு மிதியடியின் மேல் இன்னொன்றைப் போடும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய உண்டு. இன்றே எடுத்துவிடுங்கள். இருக்கும் ஒன்றைக் கொக்கியில் மாட்டுங்கள்.

பழைய வண்டி வாங்கியிருந்தால் முன்கண்ணாடியின் கீழ்மூலையில் உள்ள 17 இலக்க வண்டி எண்ணை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் (NHTSA) தளத்தில் போட்டு, ரீகால் பாக்கி உள்ளதா என்று பாருங்கள். ஃபோர்டு 2009-இல் க்ரூஸ் ஸ்விட்சுக்காக 45 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. விண்ட்ஸ்டார் மினிவேனும் அதில் இருந்தது. பிரேக் எண்ணெய் ஸ்விட்சுக்குள் கசிந்து, நிறுத்திவைத்த வண்டியே தீப்பிடிக்கக் கூடியது அந்தக் கோளாறு.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மழையில்லாத நாளாகப் பார்த்து, கூட்டமில்லாத நேரத்தில் 287 நெடுஞ்சாலையில் ஏறினேன். மைத்துனன் பின்னால் வந்தான். என் மனைவி பக்கத்தில் போனை ஸ்பீக்கரில் போட்டு அவனோடு பேசிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு பாலத்து இணைப்பிலும் "இப்போ?" என்று கேட்பாள். "எரியலக்கா" என்பான். முப்பது மைலும் நூல் பிடித்தாற்போல் போனது.