வாங் மெங்: அமைச்சரான எழுத்தாளரைப் பற்றி எழுதுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1986 முதல் 1989 வரை சீனாவின் பண்பாட்டு அமைச்சராக இருந்த எழுத்தாளர் வாங் மெங்கைப் பற்றி எழுதப் புகுவோர் பலரும் சறுக்குவது, அவரை ஆட்சிக்கு எதிரான கலகக்காரராகக் காட்டும் இடத்தில்தான். அவர் 1948-இல், ஏறத்தாழ 14 வயதிலேயே, கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர். 1956-இல் கட்சி அலுவலகம் ஒன்றின் மெத்தனத்தைச் சாடி அவர் எழுதிய சிறுகதையும் உள்ளிருப்பவரின் ஆதங்கமே தவிர, வெளியாளின் ஏளனம் அன்று. அக்கதைக்காகவே மாவோ அவரைத் தண்டித்தார் என்று எழுதுவதும் பிழை. மாவோ 1957-இன் தொடக்கத்தில் அவருக்காகப் பரிந்து பேசினார். அப்படியிருந்தும் கட்சியை விமர்சித்தோரைக் களையெடுத்த வலதுசாரி எதிர்ப்பு இயக்கத்தின் அலையில் 1958-இல் அவருக்கு ‘வலதுசாரி’ முத்திரை குத்தப்பட்டது.

1963-இல் அவர் சீனாவின் வடமேற்கு எல்லையிலுள்ள, உய்குர் மக்கள் வாழும் ஷின்ஜியாங் பகுதிக்குச் சென்றதைச் சிறைவாசமாக வருணிப்போரும் உண்டு. அவர் தாமே விரும்பிக் கேட்டு, குடும்பத்துடன் சென்றார். இலி பகுதியின் கிராமம் ஒன்றில் உய்குர் உழவர்களோடு வயலில் உழைத்து, அவர்களுடைய மொழியைச் சரளமாகப் பேசக் கற்றார். பெய்ஜிங்கிலேயே இருந்திருந்தால் எழுத்தாளர்களையும் அறிவாளிகளையும் வேட்டையாடிய பண்பாட்டுப் புரட்சியில் (1966–76) அவர் என்ன ஆகியிருப்பார் என்பதை எண்ணினால், அந்தத் தொலைவு அவருக்கு ஒருவகையில் அரணாகவே அமைந்தது எனலாம். 1979-இல் தலைநகர் திரும்பியவர் ஒரே தாவலில் அமைச்சராகிவிடவில்லை. இடையில் முன்னணி இலக்கிய இதழின் ஆசிரியராகவும் கட்சியின் மத்தியக் குழு உறுப்பினராகவும் இருந்தார்.

இவற்றைவிடப் பெரிய தவறு, அமைச்சர் பதவியை நம் நாட்டு அமைச்சர் பதவியோடு ஒப்பிட்டு அளப்பது. சீனாவில் கலை இலக்கியத்தின் எல்லைக்கோட்டை வரைவது கட்சியின் பிரசாரத் துறை. பண்பாட்டு அமைச்சகம் அதன் வழிகாட்டலுக்கு உட்பட்ட நிர்வாக அமைப்பாகவே இருந்தது. திரைப்படத் துறைகூட 1986-இன் தொடக்கத்திலேயே வேறு அமைச்சகத்திற்கு மாற்றப்பட்டிருந்தது. ஆகவே அக்காலத்துப் படங்களுக்கான பெருமையையோ பழியையோ அவர் தலையில் ஏற்றுவது பொருந்தாது.

1989 ஜூனில் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் நடந்த போராட்டத்தைப் படை கொண்டு அரசு ஒடுக்கிய பின், காயமுற்ற படைவீரர்களைச் சென்று பார்க்காமல் அவர் உடல்நலக் குறைவைக் காரணம் காட்டினார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. செப்டம்பரில் பதவியிலிருந்து விலகினார். இதை வைத்து அவர் அரசியலிலிருந்தே துரத்தப்பட்டதாக முடிவு கட்டக் கூடாது, ஏனெனில் மத்தியக் குழுவில் அவருடைய இடம் 1992 வரை நீடித்தது. ஒரு குடும்பம் தன் காலை உணவை மாற்ற முயன்று கஞ்சிக்கே திரும்புவதைச் சொல்லும் அவருடைய கதை, சீனாவில் சீர்திருத்தங்களை முன்னெடுத்த தலைவர் டெங் சியாவோபிங்கைக் கிண்டல் செய்வதாக 1991-இல் குற்றச்சாட்டு எழுந்தபோது, அவர் ஒதுங்கிப் போகாமல் நீதிமன்றப் படியேறினார், வழக்கு ஏற்கப்படவில்லை. 2019-இல் அதே அரசு அவருக்கு ‘மக்கள் கலைஞர்’ என்ற தேசியப் பட்டத்தை வழங்கியது.