நண்பர்களோடு புத்தகம் வாங்க வெளியூர் போகிறீர்களா?

நெருங்கிய நண்பர்களோடு போகும் ஊரில் நல்ல புத்தகக் கடைகள் இருந்தால், முதல் நாளே உள்ளே நுழைந்துவிடாதீர்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் மதியத்தை அதற்கென்றே ஒதுக்குங்கள். வாங்கியதை ஊர் முழுக்கச் சுமக்க வேண்டாம். ஏதாவது விட்டுப்போனாலும் மறுநாள் காலை ஒரு நடை போய் வரலாம்.

கடைக்குள் எல்லோரும் ஒன்றாகச் சுற்றாதீர்கள். பக்கத்தில் ஒருவர் காத்து நிற்கிறாரே என்ற அவசரத்தில்தான் நல்ல புத்தகங்கள் கைநழுவிப் போகின்றன. "இரண்டு மணி நேரம் கழித்து வாசலில்" என்று பேசிவைத்துப் பிரிந்துவிடுங்கள். அப்புறம் ஓரிடத்தில் உட்கார்ந்து, அவரவர் வாங்கியதை எடுத்துக் காட்டும் அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதே, பயணத்தில் எனக்கு அதுதான் பிடித்த பகுதி.

பழைய புத்தகம் என்றால் பக்க எண்களை ஓட்டமாகப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பெரிய தாளை 16 பக்கமாக மடித்து (இதைப் பாரம் என்பார்கள்), அப்படிப் பல பாரங்களைச் சேர்த்துத் தைப்பார்கள். ஒன்று விடுபட்டால் 16 பக்கம் போச்சு. நான் ஆசையாக வாங்கிய நாவலில் 192-க்கு அடுத்து 209 வந்தது. கதையின் உச்சமே அங்கேதான்.

எடையையும் யோசியுங்கள். 300 பக்கப் புத்தகம் ஏறக்குறைய 350 கிராம். பத்து வாங்கினால் மூன்றரை கிலோ. பெட்டியில் சக்கரத்தை ஒட்டிப் புத்தகங்களை அடுக்கி, மேலே துணிகளை வைத்தால் இழுக்கும்போது பெட்டி சாயாது.