லோகோ நினைவில் நிற்குமா? வரையச் சொல்லிப் பாருங்கள்

தொழிலுக்கு லோகோ வடிவமைப்பவர்கள், அதை இறுதி செய்யும் முன், ஒருமுறை மட்டும் பார்த்த ஒருவரிடம் மறுநாள் வெற்றுத்தாளைக் கொடுத்து நினைவிலிருந்து வரையச் சொல்ல வேண்டும். இந்தச் சோதனையின் அருமை கார் சின்னங்களில் நன்றாகத் தெரியும். ஆடி காரின் நான்கு வளையங்கள், 1932-இல் ஆடி, டி.கே.டபிள்யூ., ஹோர்ச், வாண்டரர் ஆகிய நான்கு நிறுவனங்கள் ஆட்டோ யூனியனாக இணைந்ததைக் குறிப்பவை. அந்த வரலாறே தெரியாதவர்கூட, ஒன்றோடொன்று கோத்த வட்டங்களைத் தயங்காமல் வரைந்துவிடுவார். போர்ஷேயின் கேடயச் சின்னம் அழகானதுதான். ஆனால் நடுவிலுள்ள குதிரை நினைவுக்கு வந்தாலும், மான்கொம்புகளும் சிவப்பு, கறுப்புப் பட்டைகளும் எந்தெந்தக் கட்டத்தில் உள்ளன என்று சொல்வது கடினம். பார்த்ததும் அடையாளம் காண்பது வேறு, பாராமலே மனக்கண்ணில் கொண்டுவருவது வேறு.

கோடுகளைக் குறைத்தால் மட்டும் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. 2021-இல் வந்த கியாவின் புதிய சின்னத்தில், ஆங்கில ஐ (I) எழுத்தும் குறுக்குக்கோடு இல்லாத ஏ (A) எழுத்தும் ஒட்டிக்கொண்டு, திருப்பிப் போட்ட என் (N) எழுத்தைப் போலத் தெரிவதால், பலரும் அதை ‘கே.என்.’ என்றே படித்தார்கள். எனவே வரையச் சொல்வதோடு, பெயரை வாசிக்கவும் சொல்லுங்கள்.

பிறகு லோகோவைக் கறுப்பு ஒரே நிறத்தில், கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கி அச்சிட்டுப் பாருங்கள். ஃபோக்ஸ்வாகன் 2019-இல் முப்பரிமாணப் பளபளப்பை நீக்கித் தட்டையான கோடுகளுக்கு மாறியதற்கு, கைப்பேசித் திரையிலும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது முக்கியக் காரணம். அந்த அளவில் இரண்டு கோடுகள் ஒன்றாகக் கலந்தால், நிறத்தைப் பற்றி யோசிக்கும் முன்பே இடைவெளியை அகலப்படுத்துங்கள், அல்லது ஒரு கோட்டை எடுத்துவிடுங்கள்.