தனுஷ்கோடியில் ராக்கெட் பார்க்க, ஃபோனைப் பையில் வையுங்கள்

யூடியூப் நேரலை பல நொடிகள் பின்தங்கித்தான் வரும். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைப் பக்கம் சிக்னல் சுற்ற ஆரம்பித்தால் இன்னும் மோசம். திரையில் 'மூன்று, இரண்டு' ஓடும்போது ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பியே இருக்கும். அதனால் இரவு ஏவுதலென்றால், இஸ்ரோ அறிவித்த நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டு வடக்கே திரும்பி நில்லுங்கள்.

உடனே எதுவும் தெரியாது, பதற வேண்டாம். நடுவில் 500 கிலோமீட்டருக்கும் மேல் தூரம். பூமி வளைந்திருப்பதால் ராக்கெட் நன்றாக மேலேறிய பிறகே கடல் விளிம்பில் ஒளிப்புள்ளியாக எட்டிப் பார்க்கும். ஒரு நிமிடமாவது ஆகும். துருவச் சுற்றுப்பாதைக்குப் போகும் பிஎஸ்எல்வி ராக்கெட், இலங்கைக்கு மேல் பறக்காமலிருக்க தென்கிழக்கே போய்த்தான் தெற்கே திரும்பும், ஆகவே பார்வையைக் கிழக்காக நகர்த்துங்கள். மேகம் இருந்தால் சரி, வீட்டு டிவிதான்.

சத்தம் இங்கே எட்டாது. அப்புறம் வேண்டுமானால் நேரலையைக் காதில் மாட்டுங்கள். நீங்கள் பார்த்து முடித்ததை வர்ணனையாளர் நிதானமாகச் சொல்வார்.